சுவரில் ஒரு மூன்று கால் பின்னல்

"கல்யாணத்துக்கு அப்புறம் உன் தலையை யாரு பின்னுவாங்க, தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"என் கைதான். இத்தனை வருஷமா அதுதானே பின்னுது?"

"அதெல்லாம் செல்லாது. முடி திருத்தறவனைக் கட்டிக்கிட்டு நீயே பின்னிக்கிட்டா ஊர் சிரிக்கும். நான்தான் பின்னுவேன்."

"தினமுமா, வாரத்துக்கு ஒரு தடவையா?"

"நீ கேக்கறப்பல்லாம்."

"கேட்டெல்லாம் வாங்க மாட்டேன். தானா வந்து பின்னணும்."

அவர் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது மட்டும் முடியாது. எங்க தொழில்ல ஒரு சட்டம் இருக்கு. நாற்காலியில உக்காந்தவங்க வாயைத் திறந்து 'இப்படி வேணும்'னு சொல்லாம தலையில கை வைக்கக் கூடாது. ராணியே வந்தாலும் சொல்லித்தான் ஆகணும்."

"அப்ப ராணிக்கே பின்னுங்க. நான் கேக்க மாட்டேன்."

திருமணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால், பேருந்து நிறுத்தத்து சிமெண்டு பெஞ்சில் நடந்த பேச்சு இது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பேருந்து வந்தது, ஏறினோம். அவ்வளவுதான். அதன் பிறகு ஆறு வருஷம் ஓடிவிட்டது. அவரும் தம் சட்டத்தை மீறவில்லை, நானும் என் பிடிவாதத்தை விடவில்லை. தினமும் காலையில் நானே பின்னி, நானே சுருட்டி, கொண்டை ஊசியைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஊரில் உள்ள தலைகளெல்லாம் அவர் விரல்களுக்கு அத்துப்படி, என் தலை ஒன்றைத் தவிர.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். பல முறை நாக்கு நுனிவரை வந்தது. சில நாள் நாற்காலியில் ஆள் இருந்தது. சில நாள் அவர் கை ஓய்ந்துபோய் வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. மற்ற நாள்களில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆசையை நான் எத்தனை நாள் மென்று விழுங்கியிருக்கிறேன் என்பது என் தலையணைக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீட்டின் முன் அறைதான் அவருடைய கடை. இரண்டு சுழல் நாற்காலிகள், ஒரு பெரிய கண்ணாடி, மூலையில் தலை அலசும் தொட்டி. தொட்டிக்குப் பொறுப்பு என் நாத்தனார். குழாயில் குளிர்ந்த தண்ணீர் மட்டும் வரும் என்பதால் அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். வாயும் அதே சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் வேலை செய்வது வீட்டுச் சாமான்களுக்கான மின்ஒயர் செய்யும் தொழிற்சாலையில், கடைசி மேசையில். பிளக் பொருத்தி வரும் ஒவ்வொரு ஒயரையும் இயந்திரத்தில் செருகிப் பெடலை மிதிப்பேன். பச்சை விளக்கு எரிந்தால் பெட்டிக்குள், சிவப்பு எரிந்தால் தொட்டிக்குள். அதோடு, ஒயரின் மேல் அச்சிட்ட எழுத்தை ஈரத்துணியால் கால் நிமிஷம் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும் எழுத்து அது. அழியக் கூடாது. பத்து வருஷம் எழுத்தையே பார்த்ததால் எதை எடுத்தாலும் திருப்பிப் பார்த்துப் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பிஸ்கட் பாக்கெட், தைலப் புட்டி, அடுத்தவர் வாங்கிய குடை, எதையும் விட மாட்டேன். தொழிற்சாலையில் என் பெயர் 'லேபிள்'. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்ட நான் ஒரு நாள் படிக்கத் தவறினேன். அதுதான் இந்தக் கதை.

அன்று மாலை நான் வேலை முடிந்து திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணை மூடிக்கிட்டு உள்ள வா."

"செருப்பையாவது கழட்டலாமா?"

"கழட்டிட்டு மூடு."

கண்ணைத் திறந்தபோது சுவர் மாறியிருந்தது. கடை அறையில் சாக்கெட்டுகள் எல்லாம் வலப்பக்கச் சுவரில், நாற்காலிகளும் தொட்டியும் இடப்பக்கத்தில். நடுவே எக்ஸ்டென்ஷன் ஒயர்கள் தரையில் கிடந்து, வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் வாரும். அவற்றைச் சேர்த்து அவர் பின்னியிருந்தார். சிவப்பு, கறுப்பு, புதிதாக வாங்கிய வெள்ளை என்று மூன்று கால். நெருக்கமாக, சீராக, ஒரு பிசிறு இல்லாமல். சுவரோரமாக ஆணிகளில் மாட்டப்பட்டு, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம்வரை, யாரோ ஒரு ராட்சசி தன் ஜடையைக் காயப்போட்டதுபோல் அது தொங்கியது.

"எப்படி?"

"ம்."

"வெறும் 'ம்'மா? காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாம் இதையேதான் பாக்கறாங்க. வெள்ளை ஒயர் இன்னிக்குத்தான் வாங்கினேன். விரல்ல உருட்டிப் பாரு. என்ன தடிமன், என்ன வழுவழுப்பு! தொட்டவுடனே தெரிஞ்சுபோச்சு, முதல் தரம்."

"அண்ணி, இதுக்கு மட்டும் அண்ணனுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு" என்றாள் நாத்தனார், துண்டுகளை மடித்தபடி. "மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சுப் பின்னினாரு. நானே போய் 'அம்மா, ஒயரம்மா, பூ வைக்கட்டுமா'ன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

நான் சுவரருகே போய் நின்றேன். ஒன்றரை மணி நேரம். எனக்குக் கிடைக்காத ஒன்றரை மணி நேரம். அதன் ஒவ்வொரு மடிப்பிலும் அவருடைய விரல் பட்டிருந்தது. "சாப்பிட்டாச்சா எல்லாரும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். மாவு டப்பாவின் லேபிளைக்கூட விடாத நான், அந்த ஒயர்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

மறுநாள் எனக்கு விடுமுறை. கடைக்கோ பெரிய நாள். பதினொரு பேர் கொண்ட பெண்கள் பாட்டுக் குழு ஒன்றுக்கு மாலை ஆறு மணிக்கு மேடை நிகழ்ச்சி. பதினொரு தலையும் எங்கள் கடையில். நாலு மணிக்குள் முடித்து அனுப்பியாக வேண்டும்.

ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். குழுத் தலைவி உயரமான அம்மாள். அவர் "வணக்கம்" என்றதற்கே கண்ணாடி அதிர்ந்தது.

"சுவத்துல என்ன இது, ஜடையா? ஐயா, எனக்கு இதே மாதிரி போட்டுருங்க!"

என் வீட்டுக்காரர் பூரித்துப்போனார். நான் சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

பதினோரு மணிக்கு நாலு தலை முடிந்திருந்தது. கெட்டில் கொதிக்கும், நாத்தனார் ஊற்றுவாள், மறுபடி நிரப்புவாள், மறுபடி கொதிக்கும். டிரையரும் வானொலியும் ஓயாமல் இரைந்தன. காத்திருந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு நுழைந்தேன். பெஞ்சு கடைசியில் இருந்த பெண்ணுக்குக் கோப்பையை நீட்டும்போது என் புறங்கை பின்னலில் பட்டது.

சூடு. காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். எங்கள் தொழிற்சாலையில் அந்த வாடையை மோந்தால் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்திருப்போம். இளகிய ரப்பர் வாடை.

தட்டை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, வலப்பக்கச் சுவருக்குப் போய் மூன்று சுவிட்சையும் அணைத்தேன், மூன்று பிளக்கையும் பிடுங்கினேன். டிரையர் ஓய்ந்தது. வானொலி பாதி வார்த்தையில் நின்றது. பாட்டுக் குழுவும் நின்றது.

"கரண்டு போயிடுச்சா?" என்றார் அவர்.

"போகலை. நான்தான் போகச் சொன்னேன்."

"என்ன லேபிள், அஞ்சாவது தலை பாதியில நிக்குது!"

"தலை நிக்கட்டும். வீடு நிக்கணும். இங்க வந்து தொட்டுப் பாருங்க."

தொட்டார். முகம் மாறியது. "பின்னலைப் பிரிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். நான் என் விரலால் பிரிக்கப் பார்த்தேன், நெருக்கத்தில் நகம்கூட நுழையவில்லை. அவர் என் கையை மெல்ல விலக்கிவிட்டு, நுனியைப் பிடித்து, மூன்று கால்களுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டு இறக்கினார். சிக்கல் விழாமல் தண்ணீர்போல் பிரிந்து வந்தது. பாழாய்ப்போன அந்த நேரத்திலும் என் பிடரி சிலிர்த்தது.

நடுப்பகுதியில் ஓரிடத்தில் வெள்ளை ஒயர் இளகிச் சிவப்போடு ஒட்டியிருந்தது. பிரித்ததும் வெள்ளையின் மேல் சிவப்பின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது.

"இது எதுக்குப் போகுது?"

"கெட்டிலுக்கு. அதுதானே ரொம்பச் சூடாகற சாமான், அதனால இருக்கறதுலயே தடிமனானதைக் கொடுத்தேன்."

வெள்ளை ஒயரை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். பொடிப் பொடியாக எழுத்து. "இருநூத்தைம்பது வோல்ட். மூணு ஆம்பியர்."

"பாத்தியா! நம்ம வீட்டுக்கு வர்றது இருநூத்து முப்பதுதான். அதுல இருநூத்தைம்பது இருக்கு. இருபது கையிருப்பு!"

"வோல்ட் சரிதாங்க. இருநூத்தைம்பது வரைக்கும் அதோட மேல்தோல் தாங்கும், அவ்வளவுதான். அதுல நமக்குச் சண்டை இல்லை. அடுத்த நம்பரைப் பாருங்க. மூணு ஆம்பியர். இது வழியா அவ்வளவுதான் ஓடலாம். கெட்டிலைக் கவுத்துங்க."

நாத்தனார் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கெட்டிலின் அடிப்பாகத்தைக் காட்டினாள். இரண்டாயிரத்து இருநூறு வாட் என்று போட்டிருந்தது.

"வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர். கெட்டில் இழுக்கறது ஒன்பதரை. மூணு பேர் போற சந்துல ஒன்பதரை பேரை நெருக்கித் தள்ளியிருக்கீங்க. வேர்க்காம என்ன செய்யும்? தனியா கிடந்தாலாவது காத்து பட்டு ஆறியிருக்கும். அதையும் விடாம ரெண்டு பேருக்கு நடுவுல வெச்சு இறுக்கிப் பின்னியிருக்கீங்க."

"ஆனா தடிமனா இருந்துதே!" அவர் குரலில் உண்மையான வருத்தம். "நான் விரலால பாத்தேன். என் விரல் பொய் சொல்லாது."

வெட்டுக் கத்தரியைக் கேட்டேன். தன் தொழில் கத்தரியைத் தர அவருக்கு மனம் வரவில்லை, பழைய கத்தரியைத் தேடிக் கொடுத்தார். வெள்ளை ஒயரைக் குறுக்கே நறுக்கி, வெட்டுவாயை அவர் கண் முன்னே நீட்டினேன். சுற்றிலும் கெட்டியான ரப்பர். நடுவில், ஊசி நூல் பருமனில் செம்பு.

"முடியைத் தொட்டா முடிதான் இருக்கும். ஒயரைத் தொட்டா தோல்தான் கைக்குத் தெரியும், செம்பு தெரியாது. இது அசல் கூந்தல் இல்லைங்க. சவுரி வெச்ச கூந்தல்."

குழுத் தலைவி சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன. என் வீட்டுக்காரருக்கும் அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் புரிந்துவிட்டது. வெட்டுவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சவுரியை நானே கண்டுபிடிக்கலையே" என்றார் மெதுவாக.

"பத்து வருஷமா அடுத்தவங்க தலையில கண்டுபிடிக்கறே, அண்ணா. ஒயர்க்காரன் உன் தலையிலயே வெச்சுட்டான்" என்றாள் நாத்தனார்.

கறுப்பு ஒயரை எடுத்தேன். எங்கள் தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்தது, பதினாறு ஆம்பியர். அது சொரசொரப்பாக இருக்கிறதென்று வானொலிக்குப் போட்டிருந்தார்.

"இதைக் கெட்டிலுக்குப் போடுங்க. வானொலி இன்னிக்கு ஓய்வெடுக்கட்டும்."

"பதினாறா? அத்தனையும் உள்ள போய்க் கெட்டில் கருகிடாதா?"

"அண்டா பெருசா இருந்தா தாகம் கூடிடுமா? கெட்டில் தனக்கு வேண்டிய ஒன்பதரையைத்தான் இழுக்கும். பெரிய ஒயரு சின்ன வேலை பாக்கலாம், தப்பே இல்லை. சின்ன ஒயரு பெரிய வேலை பாக்கக் கூடாது. டிரையருக்குச் சிவப்பே இருக்கட்டும், அது பத்து ஆம்பியர், டிரையருக்கு ஒன்பதுக்குள்ளதான் வேணும்."

"அப்ப ஏன் ட்ரிப் சுவிட்ச் விழலை?" அவர் விடுவதாக இல்லை. "ஆபத்துன்னா அது விழுமே."

"அது சுவத்துக்குள்ள போற கம்பிக்குக் காவல். பதினாறு தாண்டினாத்தான் அதுக்குக் கோபம் வரும். வெளிய நீங்க மூணு ஆம்பியர் ஒயரை மாட்டியிருக்கீங்கன்னு அதுக்கு யாரு போய்ச் சொன்னது? கெட்டிலும் டிரையரும் சேர்ந்தாலே பதினெட்டு. இத்தனை நேரம் விழாம இருந்தது அதோட பெருந்தன்மை. இனிமே ஒண்ணு ஓடறப்ப இன்னொண்ணு ஓயணும்."

"ஏழு தலை இருக்கு, நேரமாயிடும்" என்று அவர் முனகினார்.

"ஒண்ணு ஓயறப்ப இன்னொண்ணு எடுக்கணும், அவ்வளவுதானே?" என்றார் குழுத் தலைவி, எழுந்து நின்று. "இதைத்தானே நாங்க வருஷம் பூரா பண்றோம்? கையைப் பாருங்க."

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். கெட்டில் 'டக்' என்று அணைந்ததும் அந்த அம்மாள் வலது கையை உயர்த்துவார், டிரையர் இரையும். இடது கையைக் காட்டினால் டிரையர் நிற்கும், நாத்தனார் கெட்டிலைத் தட்டிவிடுவாள். அந்த நேரத்தில் அவர் சீப்பும் ஊசியுமாக வேலை பார்ப்பார். பெஞ்சில் இருந்தவர்கள் டிரையரின் சுருதிக்கே பாடிப் பார்த்தார்கள். "இது நம்ம சுருதிப்பெட்டியை விட நல்லா சுருதி நிக்குது" என்று ஒருத்தி சொன்னாள். நான் மிச்சமிருந்த இரண்டு ஒயர்களையும் தனித்தனியாக, ஒன்றோடொன்று தொடாமல், சுவரின் மேல் உயரமாக ஆணியடித்துத் தொங்கவிட்டேன். அழகாக இல்லை. துணி காயப்போடும் கொடிபோல் இருந்தது. ஒவ்வொரு கால் மணிக்கும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்தே இருந்தது.

நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதினோராவது தலையும் முடிந்தது. கடைசித் தலை குழுத் தலைவியுடையது. சுவரில் இருந்த அதே மூன்று கால் பின்னல், அதே நெருக்கம். கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சூடு பாக்கறியா? தொட்டுப் பாரு."

"உங்களுக்கு ஆம்பியர் அதிகம், அம்மா. தாங்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே அத்தனை பேரும் படியிறங்கிப் போனார்கள். தெருமுனைவரை பாட்டுக் கேட்டது.

அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. தரையெல்லாம் முடி. நாத்தனார் தொட்டியைக் கழுவினாள். அவர் சீப்புகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, காலி நாற்காலியின் பின்னால் கையை ஊன்றி நின்றார். நான் நறுக்கிய வெள்ளை ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா, லேபிள்?"

"கேளுங்க."

"பிஸ்கட் பாக்கெட்டைக்கூட விடாம படிக்கறவ நீ. நேத்து சாயங்காலம் இந்த ஒயருக்கு முன்னால எத்தனை நேரம் நின்னே? அதுல எழுதியிருந்ததுதானே. ஏன் படிக்கலை?"

கை நின்றுவிட்டது. அவர் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் மழுப்ப முடியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து என் கை பின்னலில் பட்டிருந்தால்? பதினொரு பேர் உட்கார்ந்திருந்த அறை இது.

"நான் ஒயரையே பாக்கலைங்க" என்றேன். "பின்னலைத்தான் பாத்தேன்."

"பின்னல்ல என்ன?"

"கோபம்."

"என் மேலயா?"

"ஒயர் மேல. முதல்ல வெள்ளை மேல. அப்புறம் சிவப்பு மேல. கறுப்பு எங்க தொழிற்சாலை ஒயருதான், அதும் மேலகூட. ஒண்ணரை மணி நேரம் உங்க கையில இருந்துதாமே."

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வரேன்" என்றாள் நாத்தனார்.

"பால் இருக்கே" என்றார் அவர்.

"இன்னும் வேணும், அண்ணா. நிறைய வேணும். வர நேரமாகும்." கதவு சாத்தப்பட்டது.

அவர் சிரிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்து பெஞ்சு அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காதோரம் சிவந்தது. சீப்பை எடுக்கக் கை நீண்டது, பிறகு சட்டம் நினைவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. துண்டை உதறி நாற்காலியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு, யார் வந்தாலும் செய்வதுபோல, நாற்காலியை என் பக்கமாகச் சுழற்றிவிட்டுக் காத்திருந்தார்.

நான் போய் உட்கார்ந்தேன். ஆறு வருஷத்தில் அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறேன், எண்ணெய் போட்டிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தோம். கொண்டை ஊசியை உருவினேன். முடி நாற்காலியின் முதுகைத் தாண்டி விழுந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. ஆனால் கை மட்டும் வரவில்லை.

"சொல்லுங்க அம்மா" என்றார். "எப்படி வேணும்?"

நான் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தேன்.

"மூணு கால் பின்னல். அவசரம் இல்லாம, ஒண்ணரை மணி நேரம் எடுத்துக்கிட்டு." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். "எனக்குப் பின்னி விடுங்க."